நானோசைட் என்எஸ்300: அது சொல்லும் எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்?

மல்வேர்ன் நிறுவனத்தின் இந்தக் கருவி, லேசர் பட்டு மினுங்கும் நானோ துணிக்கைகளைக் கமராவால் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, பருமனையும் மில்லிலீற்றருக்கு எத்தனை என்பதையும் தருகிறது. பருமன் விடயத்தில் பெரும்பாலும் நம்பலாம். எண்ணிக்கை மட்டும் மாதிரியைத் தயாரிப்பவரின் கையில் இருக்கிறது.

மில்லிலீற்றருக்கு 1 கோடி முதல் 100 கோடி வரை இருந்தால்தான் கணக்குச் சரிவரும். அப்போது திரையில் 20 முதல் 100 புள்ளிகள் வரை தெரியும். ஆய்வுகூடங்களில் தயாராகும் வெள்ளி, தங்க மாதிரிகள் பெரும்பாலும் இதைவிடப் பன்மடங்கு செறிவானவை. 2 மைக்ரோலீற்றரை எடுத்து ஒரேயடியாக ஐதாக்க வேண்டாம், அந்தக் கனவளவில் பிப்பெற்றின் பிழை பெரிது. 20 மைக்ரோலீற்றரை 980 மைக்ரோலீற்றர் நீருடன் கலந்து, அதையே மீண்டும் ஒருமுறை செய்தால் 2,500 மடங்கு கிடைக்கும். பிறகு அதைப் பாதியாக ஐதாக்கி அளந்து பாருங்கள். எண்ணிக்கையும் பாதியாகாவிட்டால் அந்த முடிவை எங்கும் எழுத வேண்டாம்.

ஐதாக்கும் நீரை 0.1 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் வடித்து, முதலில் அதை மட்டும் அளக்க வேண்டும். வெள்ளிக்கு உப்புக்கரைசல் கூடாது, துணிக்கைகள் திரண்டுவிடும். இலைச்சாற்றில் தயாரித்த வெள்ளி என்றால் இன்னும் கவனம் தேவை: சாற்றின் கசடையும் கருவி துணிக்கையாகவே எண்ணும்.

பெரிய குறை ஒன்று உண்டு. ஒரே பொருளில் 30 நனோமீற்றர் துணிக்கை, 100 நனோமீற்றர் துணிக்கையைவிட ஏறத்தாழ 1,370 மடங்கு குறைவாகவே ஒளியைச் சிதறும். கலவையில் சிறியவை மறைந்துபோக, எண்ணிக்கை குறைவாகவே வரும்.

கொழும்பின் ஈரப்பதத்தில், குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். குளிராகவே ஏற்றினால் கலத்தினுள் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். காலி வீதி போன்ற பரபரப்பான தெருவோரக் கட்டடமென்றால் அதிர்வு தாங்கும் மேசை அவசியம். புள்ளிகள் தனித்தனியே துடித்தால் நல்லது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் துள்ளினால் அது அதிர்வு.

20 நனோமீற்றர் தங்கம் மட்டும் அளப்பவருக்கு இந்தக் கருவி தேவையில்லை. ஒளி உறிஞ்சலை அளக்கும் யூவி-விசிபிள் மானியில் 520 நனோமீற்றரை அண்டிய உறிஞ்சலே போதும்.

கட்டணம் கொடுத்து வெளியே அளப்பிப்பவர்கள் அளக்கும்போது வைத்த கமரா உணர்திறன் நிலை (camera level), எவ்வளவு ஒளிர்ந்தால் துணிக்கையாக எண்ணுவது என்ற வரம்பு (detection threshold), வெற்று நீரின் முடிவு, 60 செக்கன் வீடியோக்கள் ஐந்து ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.