ஹைலக்ஸா ஃபார்ச்சூனரா: ஒரே சேஸி, ரெண்டு பாடி, கிராமத்து வாழ்க்கைக்கு எது?

கிராமத்துப் பக்கம் குடிபோறவங்க, தோட்டம் வச்சிருக்கவங்க, யாரா இருந்தாலும் பிக்கப் டிரக்கா எஸ்யூவியான்னு யோசிக்கும்போது மொதல்ல ரோட்டப் பத்திதான் கேக்குறாங்க. மண் ரோடு, மழை பேஞ்சா சகதி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், எது தாங்கும்னு. என்னைக் கேட்டா ரோடு இங்க பெரிய விஷயமே இல்ல, ரெண்டுமே தாங்கும். வண்டிக்குப் பின்னாடி என்ன ஏறுது, எவ்வளவு அடிக்கடி ஏறுது, அதுதான் கேள்வி. நான் ஓட்டுறது டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் (ரெண்டு வரிசை சீட் இருக்கற பிக்கப்), அண்ணன்கிட்ட இருக்கறது டொயோட்டாவோட எஸ்யூவி ஃபார்ச்சூனர், தேவைக்கு ஏத்த மாதிரி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எடுத்துக்குவோம், அதனால ஒரே ரோட்டுல ஒரே வேலைக்கு ரெண்டையும் ஓட்டின அனுபவத்துலதான் இத எழுதுறேன்.

இந்த ரெண்டையும் ஒப்பிடுறதுல ஒரு வசதி இருக்கு. ரெண்டுமே ஒரு வயித்துப் பிள்ளைங்க. 2004-ல டொயோட்டா ஐஎம்வின்னு ஒரு அடித்தளம் கொண்டு வந்தாங்க, ஹைலக்ஸ் பிக்கப், ஃபார்ச்சூனர், இன்னோவா எல்லாம் அதுல இருந்து வந்ததுதான், 2015-ல வந்த தலைமுறையிலயும் ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் அந்த உறவ விடல. ரெண்டுக்கும் அடியில ஏணிச் சேஸி, அதாவது ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம், அது மேலதான் பாடி, ரெண்டுலயும் அதே 2.8 லிட்டர் டீசல் இன்ஜின் வருது, ஃபோர் வீல் மாடல் எடுத்தா மெதுவா, அதிக இழுவையோட போறதுக்கான லோ ரேஞ்ச் கியரும் ரெண்டுலயும் உண்டு. இசுசுல டி-மேக்ஸும் எம்யூ-எக்ஸும், ஃபோர்டுல ரேஞ்சரும் எவரெஸ்ட்டும், மிட்சுபிஷில டிரைட்டனும் பஜேரோ ஸ்போர்ட்டும் இதே கணக்குதான், அதனால நீங்க வேற கம்பெனி பாத்தாலும் நான் சொல்றதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும். இன்ஜின் ஒண்ணு, சேஸி ஒண்ணுன்னா வித்தியாசம் எங்கதான் இருக்குன்னா, பின் ஸ்பிரிங்லயும் நீளத்துலயும், அத விட முக்கியமா டிரைவர் முதுகுக்குப் பின்னாடி ஒரு தகரச் சுவர் இருக்கா இல்லையாங்கறதுலயும்தான்.

நீளத்த மொதல்ல சொல்லி முடிச்சிடுறேன். ஹைலக்ஸ் 5.3 மீட்டர், ஃபார்ச்சூனர் 4.8 மீட்டர். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், ஹைலக்ஸ்ல 3085 மில்லிமீட்டர், ஃபார்ச்சூனர்ல 2745. படிக்கும்போது ஒண்ணும் தெரியாது, ஒத்தையடி மண் ரோட்டுல எதிர்ல ஒரு டிராக்டர் வந்து நின்னு நீங்க திருப்பியே ஆகணும்ங்கறப்ப தெரியும். ஃபார்ச்சூனர் ஒரே மூச்சுல திரும்புற எடத்துல ஹைலக்ஸ முன்ன பின்ன எடுத்துதான் திருப்பணும். மேடு ஏறி இறங்குற எடத்துலயும் அப்படித்தான், வீல்பேஸ் நீளமா இருந்தா நடு வயிறு தட்டும், பின்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கறதால ஓடையில இறங்கி ஏறும்போது பம்பர் உரசும். தண்ணி விஷயத்துல ரெண்டுக்கும் கம்பெனி சொல்ற ஆழம் 70 சென்டிமீட்டர், அதுவும் நின்ன தண்ணிக்குத்தான், ஓடுற தண்ணியில முழங்கால் அளவுன்னாலும் நான் எந்த வண்டியையும் விட மாட்டேன்.

இப்ப ஸ்பிரிங். ஹைலக்ஸ்ல பின்னாடி லீஃப் ஸ்பிரிங், லாரியில இருக்கற மாதிரி பட்டை பட்டையா அடுக்கி வச்சது. ஃபார்ச்சூனர்ல காயில் ஸ்பிரிங். லீஃப் ஸ்பிரிங் லோடுக்குன்னே பொறந்தது, லோடு இல்லாத வண்டியில அது சும்மா இருக்காது. காலி வண்டிய அலை அலையா அரிச்ச மண் ரோட்டுல நாப்பது அம்பதுல விட்டுப் பாருங்க, பின்பக்கம் தனியா ஒரு ஆட்டம் ஆடும், வளைவுல குலுங்கினா பின் சக்கரம் ஒரு விரல் அளவு பக்கவாட்டுல தள்ளிப் போறது இடுப்புல தெரியும். பயப்படற மாதிரி இல்ல, ஆனா அம்மா பின் சீட்டுல உக்காந்தா பேச்ச நிறுத்திட்டு மேல இருக்கற கைப்பிடியப் பிடிச்சுக்குவாங்க. அதே வண்டியில முந்நூறு கிலோ ஏத்துங்க, அப்படியே அடங்கிடும், ஆளே மாறிப்போன மாதிரி நிதானமா போகும். ஃபார்ச்சூனர் நேர் எதிர், காலியா இருக்கும்போது சொகுசு, பின்னாடி மூட்டை ஏத்த ஏத்த உக்காந்துக்கும், முன் லைட்டு வானத்தப் பாக்கும், எதிர்ல வர்றவன் கண்ணு கூசி டிம் பண்ணுன்னு லைட்டடிப்பான்.

இனிமேதான் அந்தச் சுவர் விஷயம். தோட்டத்து வேலையில வண்டியில ஏறுற பொருள் எல்லாம் என்னன்னு யோசிங்க, உர மூட்டை, பூச்சிமருந்து கேன், டீசல் கேன், சாணம், சேறு ஒட்டின மோட்டார், அறுத்த மரம், ஒரு ஆடு ரெண்டு ஆடு. இதுல எது உங்க கூட ஒரே காத்த மூச்சு விடலாம்? எஸ்யூவில பின்சீட்ட மடிச்சுப் போட்டு ஏத்தலாம், எடம் தாராளமா இருக்கு, ஆனா டீசல் வாசனை கார்ப்பெட்டுல ஒருதரம் இறங்கினா வண்டிய விக்கிற வரைக்கும் போகாது, பூச்சிமருந்த மூடின வண்டிக்குள்ள கண்ணாடி ஏத்திக்கிட்டு குழந்தைங்களோட கொண்டு போறது வாசனைப் பிரச்சனை கூட இல்ல, உடம்புக்கே கேடு. இன்னொண்ணு, சடன் பிரேக் அடிச்சா 50 கிலோ மூட்டை நிக்காது, நேரா முன்னாடி இருக்கறவங்க முதுகுக்குத்தான் வரும், கட்டறதுக்குத் தரையில கொக்கி இருந்தும் யாரும் கட்டறதில்ல. பிக்கப்ல இந்தக் கவலையே கிடையாது, கொட்டு, கட்டு, வீட்டுக்கு வந்து பைப்ப வச்சு கழுவி விடு. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பிக்கப் பக்கம்.

ஆனா பிக்கப்னா எதை வேணா எவ்வளவு வேணா ஏத்தலாம்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அது தப்பு. டபுள் கேப்போட தொட்டி ஒன்றரை மீட்டர் சொச்சம் நீளம், கிட்டத்தட்ட அதே அகலம், அரை மீட்டர் உயரம், மொத்தம் ஒரு கன மீட்டர்னு வச்சுக்கங்க. ஈர மணல் ஒரு கன மீட்டர் ரெண்டு டன்ன ஒட்டி வரும். அப்ப பாதித் தொட்டி மணலே ஒரு டன், அந்த ரக பிக்கப்புங்க பெருசா சொல்லிக்கிறதே ஒரு டன்தான், அந்தக் கணக்குல டிரைவர், பக்கத்துல உக்கார்றவர், நீங்க ஆசைப்பட்டு மாட்டின இரும்பு பம்பர், தொட்டி மேல போட்ட கூண்டு மாதிரி மூடி (கனோபி) எல்லாம் அடக்கம். அஞ்சு பேர் ஏறினா முந்நூத்தம்பது கிலோ அங்கயே போச்சு. மாடலுக்கு மாடல் நாட்டுக்கு நாடு இந்த அளவு ரொம்ப மாறும், அதனால பத்திரிகையில போட்டத நம்பாதீங்க, வண்டியில ஒட்டியிருக்கற தகட்டுல மொத்த எடை என்னன்னு பாத்து காலி எடையக் கழிங்க. ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க் வைக்கலாமான்னு கேட்டா, தண்ணியே ஆயிரம் கிலோ, அதுக்கு மேல என்ன பேச்சு.

நீளத்துலயும் டபுள் கேப் கொஞ்சம் ஏமாத்தும். எட்டடிக்கு நாலடி பிளைவுட் படுக்க வைக்க முடியாது, டெயில்கேட்டத் திறந்து விட்டு கயிறு கட்டித்தான் கொண்டு போகணும், அகலத்துலயும் சக்கர வளைவு ரெண்டு பக்கமும் இடிக்கும் (சில வண்டில இத யோசிச்சு செஞ்சிருக்காங்க, ஃபோக்ஸ்வேகன் அமராக் முதல் தலைமுறையில சக்கர வளைவுக்கு நடுவுல 1.2 மீட்டருக்கு மேல எடம், பேலட்டு அப்படியே உக்காரும்). வேலை மட்டும்தான், குடும்பத்துக்கு வேற கார் இருக்குன்னா ஒரே வரிசை சீட் இருக்கற சிங்கிள் கேப் எடுங்க, ஹைலக்ஸ்லயே அதுல தொட்டி 2.3 மீட்டர் கிட்ட வரும், யாரும் இத வாங்கச் சொல்ல மாட்டாங்க, ஷோரூம்லயும் முன்னாடி நிறுத்த மாட்டாங்க, ஆனா லோடு அடிக்கிறதுக்குன்னா அதுதான் சரியான வண்டி. தூசியும் ஒண்ணு இருக்கு, ஓடுற வண்டிக்குப் பின்னாடி காத்து சுழண்டு தூசிய டெயில்கேட் இடுக்கு வழியா உள்ள இழுக்கும், மேல கவர் போட்டிருந்தாலும் பைய எடுத்துப் பாத்தா மாவு தடவின மாதிரி இருக்கும். மழைக்குத் தார்ப்பாய் எப்பவும் சீட்டுக்கு அடியில கிடக்கணும்.

ஆளுங்க ஏறுற கணக்குல எஸ்யூவி எங்கயோ போயிடுது, இதுல போட்டியே இல்ல. டபுள் கேப்ல பின் சீட்டோட முதுகு நிமிந்தேதான் இருக்கும், சாய்க்க எடம் கிடையாது, பின்னாடியே தொட்டி. ஒரு மணி நேரம் சரி, ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ மூணு மணி நேரம்னா பெரியவங்க இறங்கும்போதே இடுப்பப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவாங்க. ஃபார்ச்சூனர்ல ஏழு பேர் போகலாம், கடைசி வரிசை சின்னப் பசங்களுக்குத்தான்னாலும் அவசரத்துக்கு ஆகும்.

சரி, லோடும் வேணும் ஆளும் வேணும்னா? எஸ்யூவி எடுத்து ஒரு டிரெய்லர் வாங்குங்க, பலரும் யோசிக்காத வழி இது. டிரெய்லரோட தளம் தாழ்வா இருக்கும், மூட்டைய இடுப்பு உயரத்துக்கு மேல தூக்க வேண்டாம், வேலை இல்லாத நாள்ல கழட்டிப் போட்டுட்டு காராவே ஓட்டலாம். தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொதுவா 750 கிலோதான் வரம்பு, அதுக்கு மேலன்னா டிரெய்லர்லயே பிரேக் இருக்கணும், கூடவே கொக்கி மேல விழுற எடை மொத்தத்துல பத்துல ஒரு பங்கு இருக்கற மாதிரி லோட முன்னாடி தள்ளி அடுக்கணும், பின்பக்கம் கனமாச்சுன்னா வேகத்துல வால் ஆடும், அது ஆபத்து. ரிவர்ஸ் எடுக்கறதுதான் கொடுமை, ஒரு களத்துல போய் பொறுமையா பழகணும். ரோடு ரொம்பக் குறுகல்னா இந்த யோசனைய விட்டுடுங்க.

ஃபோர் வீல் பத்தி ரெண்டு வார்த்தை. இந்த ரக வண்டிங்கள்ல பெரும்பாலும் பார்ட் டைம் ஃபோர் வீல், தேவைப்படும்போது மட்டும் போடுறது, முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல கிடையாது, காஞ்ச தார் ரோட்டுல போட்டு ஓட்டினா ஸ்டீயரிங் முறுக்கும், கியர்பாக்ஸ் கதறும், சகதிக்கும் மணலுக்கும் மட்டும் வச்சுக்கங்க. காலி பிக்கப் ஈரப் புல்லுல டூ வீல்ல நின்ன எடத்துலயே சுத்தும், பின்னாடி கனமே இல்லையே, பின் அச்சுக்கு நேரா ரெண்டு மணல் மூட்டை போட்டா பாதிப் பிரச்சனை தீரும். தாருக்கும் மண்ணுக்கும் ஏத்த நல்ல ஆல் டெரெய்ன் டயர் போட்ட டூ வீல் வண்டி, தேஞ்ச ரோட்டு டயர் போட்ட ஃபோர் வீல் வண்டிய விட தூரம் போகும், செலவு பண்றதுன்னா அங்க பண்ணுங்க. புது டீசல் வண்டிங்கள்ல பெரும்பாலும் டிபிஎஃப், அதாவது புகைக் கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கும், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டுமே ஓட்டினா அது அடைச்சுக்கும், அப்பப்ப நெடுஞ்சாலையில அரை மணி நேரம் விட்டு எடுக்கணும், அது கரியை எரிக்கும்போது சைலன்சர் பக்கம் பயங்கர சூடு, காஞ்ச புல்லு மேல நிறுத்தினா தீப்பிடிக்கும், விளையாட்டில்ல.

வாரம் ஒருதரமாவது அழுக்கு லோடு ஏறுதுன்னா பிக்கப், மத்தபடி எஸ்யூவி, மாசத்துக்கு ஒரு லோடுன்னா எஸ்யூவியும் வாடகை வண்டியும், இதுதான் என் கணக்கு. வெறும் மண் ரோட்டுக்காக மட்டும் கேக்குறீங்க, லோடே இல்லன்னா, இந்த ஏணிச் சேஸி வண்டியே வேண்டாம், தனிச் சேஸி இல்லாம பாடியும் அடிச்சட்டமும் ஒண்ணா இருக்கற, கொஞ்சம் உயரமான சாதா மோனோகாக் எஸ்யூவி போதும், டீசலும் மிச்சம்.

பழைய பிக்கப் பாக்கப் போறீங்கன்னா பாலிஷப் பாக்காதீங்க, கீழ படுத்துப் பாருங்க. லீஃப் ஸ்பிரிங் ரெண்டு பக்கமும் ஒரே வளைவா இருக்கணும், ஒரு பக்கம் தட்டையா போயிருந்தா ஓவர்லோடு அடிச்ச வண்டி. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய மேல இருந்து கீழ வரைக்கும் பாருங்க, மேல குறுகி கீழ அகலமாவோ இல்ல தலைகீழாவோ இருந்தா சேஸி வளைஞ்சிருக்கு, எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும் வாங்காதீங்க. தொட்டிக்குள்ள பிளாஸ்டிக் லைனர் இருந்தா தூக்கிக் காட்டச் சொல்லுங்க, துரு அடியிலதான் ஒளிஞ்சிருக்கும், ஓனர் தூக்க யோசிச்சாருன்னா நீங்க கிளம்பிடலாம்.