கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரம் பார்க்க இதுதான், நேரம் பார்க்க வேறு இடம்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமா, கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்துக்குப் போங்கள். பழைய காலத்து முகம்தான், ஆனால் வேலை சுத்தம். நியூயார்க் ஜேஎஃப்கே, சிங்கப்பூர் எஸ்ஐஎன், இந்த இரண்டு குறியீட்டையும் நடுவில் ஒரு கோடு போட்டுத் தட்டினால் 15,349 கிலோமீட்டர் என்று வந்துவிடும். முதலில் மைலில் காட்டும், கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். கூடவே வரைபடமும் உண்டு. கோடு வட துருவத்தை ஒட்டி ஏறி இறங்கும், அதைப் பார்த்துப் பலர் தப்பாக வரைந்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். தப்பில்லை, உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்கு வழி.

நேர விஷயத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். வேகத்தைக் கொடுத்தால் இந்தத் தளம் நேரத்தையும் சொல்லும், மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் 17 மணி நேரம் சொச்சம் வரும். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்துக்கு அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள், ஏனென்றால் அது விமானம் ஏறும் வாசலில் (கேட்) இருந்து கிளம்பி அந்தப் பக்கம் இறங்கும் வாசலில் போய் நிற்கும் வரைக்குமான கணக்கு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, காற்றுக்காகச் சுற்றிப் போவது எல்லாம் அதற்குள் அடக்கம். காற்று சாதகமாக இருந்தால் நியூயார்க்குக்குப் போகும்போது பசிபிக் வழி, சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அட்லாண்டிக் வழி, இரண்டு தடவையும் கிழக்கு நோக்கியே பறப்பதும் உண்டு!

அதனால்தான் தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்து, போக வர ஒரே நேரம் காட்டும் தளங்களை நான் நம்புவதில்லை. 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம், புயல் காற்று பின்னால் தள்ளியதில் நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதே தடத்தில் எதிர்ப்பக்கம் போக சாதாரணமாக ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். எந்த வகுத்தல் கணக்கில் இது வரும்? நிஜ நேரம் வேண்டுமென்றால், பறக்கும் விமானங்களைக் காட்டும் ஃபிளைட்ராடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டு, போன சில நாட்கள் எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதால் நேரடியாகக் கழிக்காதீர்கள், சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி முன்னால் ஓடுகிறது.

இந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, நடுவில் ஒரு ஊரைச் சேர்த்தும் பார்க்க முடிவது. அந்த நேரடி விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது, பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும்தான். எகானமியில் போக நினைப்பவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டை நடுவில் போட்டுப் பாருங்கள், தூரம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடும். அங்கே இறங்கிக் கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளவும் முடியும் என்பதால், வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.