சூடான சாம்பாருக்கு எந்த டப்பா? பிளாஸ்டிக், கண்ணாடி, எவர்சில்வர்

பிளாஸ்டிக்கை ஒழிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பருப்பு டப்பாக்களில்தான் கை வைக்கிறார்கள். அது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அறை வெப்பத்தில் கிடக்கும் துவரம்பருப்புக்குள் டப்பாவிலிருந்து பெரிதாக எதுவும் இறங்காது. சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் என்ற நான்கும் சேரும் இடத்தில்தான் கவனம் வேண்டும். நம் வீடுகளில் அந்த நான்கும் சேர்வது மதியச் சாப்பாட்டு டப்பாவில். காலை ஏழரைக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிய சாம்பார், பகல் ஒரு மணிவரை உள்ளேயே கிடக்கிறது. எனவே இந்த ஒப்பீடு அந்த டப்பாவைப் பற்றியது. எங்கள் வீட்டில் எவர்சில்வருக்கு மாறியாகிவிட்டது. சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

ஹார்மோன்களின் வேலையைக் குழப்பும் வேதிப்பொருட்களில், உணவுப் பாத்திரம் என்று வரும்போது இரண்டு பெயர்கள் முக்கியம். ஒன்று பிபிஏ எனப்படும் பிஸ்பினால் ஏ. கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும், தகர டின்களின் உட்பூச்சிலும், கடையில் தரும் வழவழப்பான பில் தாளிலும் இருப்பது. இன்னொன்று தாலேட்டுகள். பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்ப்பவை. எண்ணெய்ப் பசையோடு சுலபமாகக் கூட வந்துவிடும். எவ்வளவு உள்ளே போனால் ஆபத்து என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏவுக்கு 2015இல் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த வரம்பை, 2023இல் 0.2 நானோகிராமாக (ஆயிரம் நானோகிராம் ஒரு மைக்ரோகிராம்), அதாவது இருபதாயிரம் மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல் 200 நானோகிராம் போதும் என்றது. இந்தச் சண்டை முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. டப்பாவை மாற்ற ஆகும் செலவு அவ்வளவு பெரிதில்லை.

பிளாஸ்டிக்கின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: எடை குறைவு, விலை குறைவு, சிந்தாது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன்; பிபிஏவால் செய்வதில்லை. 3, 6, 7 எண்களைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல் அறிவுறுத்தியது. பிளாஸ்டிக்கை மைக்ரோவேவில் வைக்காதீர்கள் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. ‘பிபிஏ ஃப்ரீ’ என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. பிபிஏவை எடுத்துவிட்டு அதன் உறவுக்காரரான பிபிஎஸ்ஸை, அதாவது பிஸ்பினால் எஸ்ஸைப் போட்ட பொருட்களும் உண்டு. அதுவும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடந்துகொள்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் பிளாஸ்டிக்கைத் தள்ள எனக்குப் பெரிய காரணம் ஸ்டிக்கர் அல்ல, பராமரிப்பு. சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒரு மாதத்தில் மஞ்சளாகிவிடும். எந்த சோப்புக்கும் போகாது. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரைவது. சூட்டில் இளகிய பிளாஸ்டிக்குக்குள் எண்ணெயோடு சேர்ந்து புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. கறை மேலே ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்க்கிறோம், அது உள்ளே இருக்கிறது. எண்ணெய் உள்ளே போக வழி இருக்கிறதென்றால், பிளாஸ்டிக்கில் கலந்த சேர்க்கைப் பொருட்கள் அதே எண்ணெயில் வெளியே வரவும் வழி இருக்கிறது. கறை போகவில்லையே என்று பச்சை ஸ்க்ரப்பரால் அழுத்தித் தேய்க்கும்போது கீறல் விழுகிறது. கீறலில் பிசுக்கு தங்குகிறது, அதற்கு மேலும் வெந்நீர், மேலும் தேய்ப்பு. இப்படியே ஓராண்டு போன டப்பா, வாங்கிய அன்று இருந்த டப்பா அல்ல. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு இறங்கும் மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு விதி இருக்கிறது. ஆனால் சோதனைக்குப் போவது புதுச் சரக்குதான். உங்கள் வீட்டுத் தொட்டியில் ஓராண்டு தேய்பட்ட டப்பாவை யாரும் சோதிக்கப்போவதில்லை.

கண்ணாடி இந்த விஷயத்தில் அப்பழுக்கில்லாதது. கறை ஏறாது, வாடை பிடிக்காது, மைக்ரோவேவில் அப்படியே வைக்கலாம். அலுவலகத்தில் சூடு செய்து சாப்பிடுகிறவருக்கு எவர்சில்வரைவிடக் கண்ணாடிதான் சரி. அதில் எனக்கு மறுபேச்சில்லை. வாங்கும்போது போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடியா என்று பாருங்கள். சூட்டில் குறைவாக விரிவதால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடு செய்ய ஓரளவு தாங்கும். சாதாரணக் கண்ணாடியைப் பதப்படுத்திச் செய்த டப்பா கீழே விழுவதைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஓரத்தில் சின்னத் தெறிப்பு இருந்தாலே ஒருநாள் மொத்தமாக நொறுங்கிப்போகும். தெறிப்பு விழுந்த எந்தக் கண்ணாடி டப்பாவையும் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் பைக்கு இது ஒத்துவராது என்பதை விளக்கவே தேவையில்லை.

கண்ணாடி மாட்டிக்கொள்ளும் இடம் மூடி. நான்கு பக்கமும் கிளிப் வைத்த மூடி அநேகமாகப் பிளாஸ்டிக்தான். கிளிப்பின் மடிப்பு வெளுத்து, விரிசல் விட்டு, ஒருநாள் கையோடு வந்துவிடும். தனி மூடி எல்லாக் கடையிலும் கிடைக்காது. நல்ல கண்ணாடி வீட்டில் இருக்க, மூடி இல்லாமல் பாதி டப்பாக்கள் தயிர் உறைய வைக்கத்தான் ஆகும். மூடியில் உணவு படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். 2011இல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த இருபது பேருக்கு மூன்று நாள் டின் உணவும் பிளாஸ்டிக் பொட்டலமும் இல்லாத புதுச் சமையல் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 விழுக்காடு இறங்கியது; ஒருவகைத் தாலேட்டின் எச்சங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. அந்த உணவைக் கண்ணாடிப் பாத்திரத்தில், மூடியைத் தொடாத அளவுக்கு இடம் விட்டுத்தான் நிரப்பினார்கள். நாமும் அரை அங்குலம் விட்டு ஊற்றலாம், ஆவி அடங்கிய பிறகு மூடலாம். (அந்த ஆய்வு காட்டியது சிறுநீர் அளவு இறங்கியதை. நோய் குறைந்ததா என்று மூன்று நாளில் யாரும் சொல்ல முடியாது.)

இனி எவர்சில்வர். இதில் பிஸ்பினாலும் இல்லை, தாலேட்டும் இல்லை. பூச்சே இல்லாத வெறும் உலோகம். தேய்க்கத் தேய்க்கக் கெடாது. அமெரிக்காவில் தக்காளி சாஸைக் கொதிக்கவைத்துப் பார்த்த ஒரு சோதனையில், புதுப் பாத்திரத்தில்தான் நிக்கலும் குரோமியமும் அதிகம் இறங்கின; சில முறை சமைத்த பிறகு அந்த அளவு வெகுவாகக் குறைந்து நிலைத்தது. பிளாஸ்டிக் பழக மோசமாகிறது, இது பழகத் தேறுகிறது. முழு ஒப்பீட்டிலும் என்னைத் தீர்மானிக்க வைத்தது இந்த ஒன்றுதான். பத்து வருடம் கழித்து அலுத்துப்போனாலும் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புதிது எடுக்கலாம். மஞ்சளேறிய பிளாஸ்டிக்கைக் காயலான் கடையில் எடுத்தாலே பெரிய விஷயம்.

கடைகளில் பெரும்பாலும் இரண்டு ரகம் கிடைக்கும். 304 என்பது 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். ‘18/8’ என்றும் அடித்திருப்பார்கள். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், விலை குறைவு. காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வது பாதிதான் உண்மை. காந்தம் ‘சப்’ என்று ஒட்டினால் அது நிக்கல் இல்லாத மலிவு ரகம். ஒட்டவில்லை என்பதால் 304 ஆகிவிடாது, 202உம் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் பழைய உலோகம் வாங்குகிறவர்கள் வைத்திருக்கும் சோதனைச் சொட்டுதான் வழி. ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்தால், மாங்கனீசு ரகம் சில நொடிகளில் சிவக்கும். ஹார்மோன் விஷயத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. உப்பும் புளியும் தாங்குவதில்தான் 304 முந்துகிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இரண்டிலும் புளிக்குழம்பை மணிக்கணக்கில் வைக்காமல் இருப்பது நல்லது.

புது டப்பாவைக் கழுவி உடனே சோறு போட்டுவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தொட்டு உள்பக்கமும் விளிம்பு மடிப்பும் துடைத்துப் பாருங்கள். கருப்பாக வரும், அது பாலிஷ் போட்ட மிச்சம். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுக் கொட்டிவிடுங்கள்.

எவர்சில்வருக்கும் பகை உண்டு. உப்பும் ஊறுகாயும் நாள்கணக்கில் இருந்தால் குண்டூசி முனை அளவு குழிகள் விழும். உப்பிலுள்ள குளோரைடு செய்கிற வேலை. பிளீச்சிங் கலந்த கிளீனரும் அதையே செய்யும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியோ கண்ணாடியோதான். கம்பி நாரால் தேய்த்தால் அதன் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு துருப்புள்ளி காட்டும். பாத்திரமே துருப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். தேங்காய் நார் போதும்.

இங்கேயும் ஏமாறும் இடம் மூடிதான். பார்க்க முழு எவர்சில்வர் போல இருக்கும் டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். சூட்டைக் காக்கும் ஹாட்பேக்குகளில் இது சகஜம். ஆவி அந்தப் பிளாஸ்டிக்கில் படிந்து, துளித்துளியாகச் சாதத்திலேயே திரும்பி விழுகிறது. வாங்குமுன் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உணவு பார்க்கும் பக்கம் உலோகமாக இருக்க வேண்டும். அலுமினியத் தண்ணீர் பாட்டிலின் உள்ளே பொன்னிறமாகப் பூச்சு தெரிந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இந்த வகையில் எபாக்சி என்ற பிசினைப் பூசுவது உண்டு, எபாக்சி பிபிஏவிலிருந்து வருவது.

ரசம் சிந்தாமல் இருக்க வேண்டுமென்றால் வளையம் வேண்டும், வளையம் சிலிக்கான். சூட்டில் எண்ணெய் படும்போது சிலிக்கானிலிருந்தும் சிறு மூலக்கூறுகள் வருவது தெரிந்ததே. விளிம்பில் மெல்லிய கோடாக மட்டும் தொடுவதால் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். முழு டப்பாவே சிலிக்கான் என்றால் யோசிப்பேன். வாரம் ஒருமுறை வளையத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, பள்ளத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். கரும்புள்ளி விழுந்தால் பூஞ்சை, கழுவிப் பயனில்லை. ஆகவே வாங்கும்போதே அதே அளவில் உபரி வளையம் தருவார்களா என்று கேளுங்கள். தராத கடையில், சாதத்துக்கும் பொரியலுக்கும் வளையமில்லாத பழைய சம்படமும், ரசத்துக்கு மட்டும் திருகு மூடித் தூக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டல் பார்சலுக்கும் அந்தத் தூக்கே போகட்டும். கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டித் தருவதைவிட மோசமான பாத்திரம் கிடையாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை இருந்தும் கவர் நிற்கவில்லை.

டப்பாவுக்கு அடுத்து பார்க்க வேண்டியது 20 லிட்டர் தண்ணீர் கேன். அடியில் 7 என்றிருந்து, அழுத்தினால் நெளியாமல் விறைப்பாக இருந்தால் பிபிஏ உள்ள பாலிகார்பனேட்; 1 என்றிருந்து கொஞ்சம் நெளிந்தால் பெட் (PET) என்ற வேறு பிளாஸ்டிக். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறங்கும் பழைய, மங்கிப்போன, கீறல் விழுந்த 7ஆம் எண் கேனைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். வந்தவுடன் தண்ணீரை எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றிவிடலாம். டிரம் வாங்கும்போது குழாயையும் பாருங்கள். பலவற்றில் அது மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கும், எவர்சில்வர் குழாய் தனியாகவே கிடைக்கிறது.