கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: மருத்துவர் எடுப்பதா, நாமே எடுப்பதா?

கேரளாவின் மூணாறு, பீர்மேடு தோட்ட லயங்களில் வாழும் முப்பது வயது தாண்டிய பெண்களே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையில் இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, மருத்துவரோ நர்ஸோ எடுக்கும் பேப் ஸ்மியர். இதில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கணும். பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயைப் பார்த்து, பிரஷ்ஷால் செல்களை எடுப்பார்கள். அவசரப்பட்டால் வலி கூடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சிறிய ஸ்பெகுலம் கேளுங்கள். துணைக்கு ஒரு பெண் இருக்கட்டும். "போதும், எடுங்க" என்றால் உடனே எடுத்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பது பதிலாகாது. படிக்கத் தெரியாத மலையாளப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்புதலே இல்லை. என்ன செய்யப்போகிறார்கள், ஏன் என்று தமிழில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, எச்.பி.வி. சோதனை; இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு மாதிரியை நீங்களே எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை ஏற்றுப் பரிந்துரைத்தது. மறைவாக நின்றோ குந்தியோ, ஸ்வாபை (நுனியில் பஞ்சு போன்றது உள்ள குச்சி) பிறப்புறுப்புக்குள் சுமார் 5 செ.மீ. விட்டு, கிட்டில் சொன்ன நேரம் சுழற்றி, குழாயில் போட்டு மூடணும். நுனியில் கை படக்கூடாது. மாதவிடாய் நாட்களில் வேண்டாம். குழாயில் பெயர் மாறிப்போகலாம்; ஒட்டும்போதே சரிபாருங்கள்.

தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இரண்டாவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. நெகட்டிவ் என்றால் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் மருத்துவர் பார்த்தே ஆகணும். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளை இருந்தால் ஸ்வாபோடு நிற்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.