கேபிள் இல்லாமல் மூன்று சீசன்: பரணில் ஓர் ஆன்டெனா, போனில் ஒரு லீக் பாஸ்

2023 அக்டோபரில் கேபிளை நிறுத்தினேன். மாதம் 120 டாலருக்கு மேல் பில் வந்துகொண்டிருந்தது. வீட்டில் உருப்படியாக ஓடியது கூடைப்பந்து மட்டும்தான். அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எங்கள் அணி மேவரிக்ஸ். பையனிடம் அப்போதைய அணி நட்சத்திரம் லூகா டான்சிச்சின் 77ஆம் எண் ஜெர்சி இரண்டு உண்டு, ஒன்று சின்னதாகிப்போனது.

முதல் வேலையாக, என்பிஏ என்னும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஸ்ட்ரீமிங் சந்தாவான லீக் பாஸ் வாங்கினேன். 'எல்லா ஆட்டமும் வரும்' என்று நானே நினைத்துக்கொண்டேன். விதிமுறையைப் படிக்கவில்லை, தப்பு என்னுடையதுதான். அமெரிக்காவில் லீக் பாஸ் என்பது வெளியூர் அணிகளைப் பார்ப்பவர்களுக்கானது. உள்ளூர் அணியின் ஒளிபரப்பு உரிமை உள்ளூர்ச் சேனலுக்குப் போய்விடுவதால், அந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அதன் நேரலை கிடையாது. இதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள். தேசிய அளவில் காட்டும் ஆட்டங்களும் அப்படித்தான், முடிந்த பிறகு பதிவாகத்தான் பார்க்கலாம். ஆக, டாலஸ்காரனுக்கு மேவரிக்ஸைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. சென்னையில் இருக்கும் மச்சான் அதே லீக் பாஸில் மேவரிக்ஸ் ஆட்டத்தைக் காலைக் காபியோடு பார்த்துவிட்டு எனக்கு ஸ்கோர் அனுப்பினான். வயிறு எரிந்தது.

அந்த சீசனில் மேவரிக்ஸ் இறுதிச்சுற்றுக்கே போய்விட்டது. 2024 ஜூன், எதிரே பாஸ்டன் செல்டிக்ஸ். இறுதிச்சுற்று ஏபிசியில் வரும், ஏபிசி காற்றில் இலவசமாக வரும் சேனல், எனவே ஆன்டெனா போதும். ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனா ஒன்று வாங்கி மாட்டினேன். நாற்பது ஐம்பது சேனல் வந்தன, ஏபிசி மட்டும் வரவில்லை. முதல் ஆட்டத்தை நண்பர் வீட்டில் போய்ப் பார்த்தோம்.

இதை ஆன்டெனா வாங்கப்போகும் எல்லோருக்கும் சொல்கிறேன். சேனல் எண் வேறு, அது உண்மையில் ஒளிபரப்பாகும் அலைவரிசை வேறு. இங்கே பெரும்பாலான சேனல்கள் யுஹெச்எஃப் அலைவரிசையில் வருகின்றன. பெரிய சேனல்களில் டாலஸ் ஏபிசியான எட்டாம் சேனல் மட்டும் விஹெச்எஃப் என்னும் வேறு அலைவரிசை. அதன் அலை நீளம் அதிகம், அதைப் பிடிக்க நீளமான கம்பிகள் வேண்டும். அட்டை போன்ற ஆன்டெனாவால் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது. போதாததற்கு, கோபுரங்கள் எல்லாம் நகருக்குத் தெற்கே சீடர் ஹில்லில் நிற்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 40 மைல். விஹெச்எஃப், யுஹெச்எஃப் இரண்டுக்கும் கம்பி வைத்த ஆன்டெனா ஒன்றை 60 டாலருக்கு வாங்கிப் பரணில் ஏறி மாட்டினேன். ஜூன் மாத டெக்சாஸ் பரண் எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள், இட்லிப் பானைதான். கீழேயிருந்து மனைவி, "வந்துடுச்சு, வந்துடுச்சு, அசைக்காதீங்க!" முப்பது வருஷத்துக்கு முன் மதுரை மொட்டைமாடியில் கேட்ட அதே வசனம். நாலாவது ஆட்டத்தில் மேவரிக்ஸ் 122-84 என்று ஜெயித்தது. தொடரை 4-1 என்று பாஸ்டன் எடுத்துக்கொண்டது, அது வேறு கதை.

பரண் ஆன்டெனாவின் முழுப் பலன் அடுத்த சீசனில்தான் தெரிந்தது. 2024-25 முதல் மேவரிக்ஸ் கட்டணச் சேனலை விட்டு, இலவசமாக வரும் கேஎஃப்ஏஏ 29ஆம் சேனலுக்கு வந்துவிட்டது. வட்டார விளையாட்டுச் சேனல்களை நடத்திய டயமண்ட் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியதிலிருந்தே அணிகள் இப்படி நகர ஆரம்பித்திருந்தன. ஃபீனிக்ஸ், யூட்டா அணிகள் முன்பே மாறியிருந்தன. எனக்குச் செலவு பூஜ்யம். படமும் ஸ்ட்ரீமிங்கைவிடத் துல்லியம், தாமதமும் குறைவு. செயலியில் பார்த்தால் அரை நிமிடமாவது பின்தங்கும், அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கத்திவிடுவார்கள்.

சரி, இனி நிம்மதி என்று இருந்தபோதுதான் 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரு சனி நள்ளிரவில், லூகாவை லாஸ் ஏஞ்சல்ஸ் அணியான லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இலவசமாக வரும் அணி வேறு, அவன் பார்க்க நினைக்கும் ஆள் வேறு என்றாகிவிட்டது. மறுபடி லீக் பாஸ். இந்த முறை முறையான காரணத்தோடு, அதுவும் சீசன் பாதியில் விலை குறைந்த பிறகு.

லீக் பாஸில் எனக்குப் பிடித்தவை: எந்த அணியின் வர்ணனையையும் தேர்ந்தெடுக்கலாம், ஸ்கோரை மறைத்து வைக்கலாம், முழு ஆட்டத்தைச் சுருக்கிய வடிவிலும் பார்க்கலாம். பிடிக்காதது அதே பிளாக்அவுட்தான். லேக்கர்ஸ் போன்ற அணிக்குச் சீசனின் 82 ஆட்டங்களில் 30க்கும் மேற்பட்டவை தேசிய ஒளிபரப்புக்குப் போய்விடுகின்றன. நட்சத்திரத்துக்காக லீக் பாஸ் வாங்குகிறவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். அவ்வளவாகப் பேசப்படாத அணியின் ரசிகருக்குத்தான் அது முழுதாகக் கொடுத்த காசுக்குத் தகும்.

2025-26இல் தேசிய ஒளிபரப்பே மாறிவிட்டது (கீழே உள்ள விலைகள் அந்த சீசனில் இருந்தவை). டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றும் 11 ஆண்டுகளுக்கு உரிமை எடுத்திருக்கின்றன. திங்கள் என்பிசியின் ஸ்ட்ரீமிங் செயலியான பீகாக்கில் மட்டும், மாதம் 10.99 டாலர். செவ்வாய் என்பிசி, ஆன்டெனாவில் இலவசம். புதன் டிஸ்னியின் கட்டண விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன். வெள்ளி அமேசானின் பிரைம், அது எப்படியும் வீட்டில் இருக்கிறது. ஈஎஸ்பிஎன்னை மட்டும் தனியாக வாங்கினால் மாதம் 29.99 டாலர், அதை சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் நாக்அவுட் சுற்றுகள் வரை தள்ளிப்போடுகிறேன். நடுவில் விட முடியாத ஆட்டம் வந்தால், ஈஎஸ்பிஎன்னும் வரும் இணைய டிவி சேவையான ஸ்லிங்கின் ஒருநாள் பாஸ், 4.99 டாலர். யூடியூப் டிவி மாதிரி முழுத் தொகுப்பு மாதம் 82.99 டாலர். அதற்குக் கேபிளையே வைத்திருக்கலாமே.

திருட்டு ஸ்ட்ரீம் பக்கம் ஒருமுறை போனேன். நாலாவது குவார்ட்டரில் சூதாட்ட விளம்பரம் திரையை மூடியது, பையன் பக்கத்தில் இருந்தான். அதோடு சரி. இன்னொன்று: எந்தச் சந்தா எடுத்தாலும் அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். மறந்துபோய் ஒரு சேவைக்கு, ஆட்டமே இல்லாத ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பணம் கட்டியிருக்கிறேன்.

லேக்கர்ஸ் ஆட்டம் எங்கள் நேரப்படி பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். மறுநாள் பள்ளி. அதனால் பையன் ஸ்கோரை மறைத்துவிட்டுத் தூங்கி, காலையில் தோசையோடு சுருக்க வடிவைப் பார்க்கிறான். நான் இரவே முழுசாகப் பார்த்திருப்பேன். "அப்பா, மூஞ்சைத் திருப்பிக்கோங்க, உங்களைப் பார்த்தாலே தெரிஞ்சிடுது" என்கிறான். நான் சட்னியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.