மண்டப முன்பணத்தில் வாங்கிய ஓடிஜி: மூன்றரை வருஷ அனுபவம்

கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்திருந்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்தப் பணத்தில் இந்த ஓடிஜியை, அதாவது கேக், பிஸ்கட் சுடும் சின்னக் கரண்ட் ஓவனை, வாங்கினேன். 2022 ஜூன் மாதம். 28 லிட்டர், 1500 வாட், மூன்று நாப் வைத்த சாதாரண மாடல். டிஸ்ப்ளே கிடையாது, உள்ளே விளக்குகூடக் கிடையாது. அன்று முதல் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓடுகிறது. நடுவில் ஐந்து வாரம் மட்டும் படுத்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவருக்குப் பெங்களூரில் வேலை, எனக்கு இங்கே கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஆறு வருஷப் பழக்கம். இரண்டு வீட்டாரும் பேசி முடிவு செய்து, வைகாசியில் கல்யாணம் என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. பங்குனி கடைசியில் போன் செய்து வேண்டாம் என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் ஏழு மணியைப் பற்றி எழுத வேண்டும். ஆபீஸ் விட்டு ஆறரைக்கு வீட்டுக்கு வருவேன், ஏழு மணிக்கு அவர் போன் வரும். எல்லாம் முடிந்த பிறகும் ஏழு மணியானால் கை தானாகப் போனைத் தேடிப் போகும். மற்ற நேரமெல்லாம் எப்படியோ ஓடிவிடும், அந்த ஒரு மணி நேரம் நகராது. அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பார், கூட்டுவார், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். ஓடிஜி வாங்கியது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். அதற்கு முன்னால் நான் குக்கரில் மணல் போட்டுக்கூட ஒரு கேக் செய்ததில்லை.

வந்த அன்று முதல் சிக்கல் பிளக். 1500 வாட் என்றால் 230 வோல்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். எங்கள் சமையலறையில் இருந்ததெல்லாம் மிக்ஸிக்குப் போடும் சின்ன பிளக் பாயிண்ட். அதில் சொருகினால் ஒயர் சூடாகிவிடும். எலக்ட்ரீஷியன் வந்து மெயினிலிருந்து தனி ஒயர் இழுத்து 16 ஆம்ப் பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். வாங்கப் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் ஓட்டவே வேண்டாம்.

முதல் கேக் மேலே கருகி, நடுவில் மாவாகவே இருந்தது. சூடு தரும் மேல் ராடுக்குப் பக்கத்தில் கம்பித் தட்டை வைத்துவிட்டேன், அதுதான் காரணம். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. இதுகூட எனக்கு வாய்க்கவில்லையே என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கருகியதைக் கத்தியால் சீவி எடுத்தார். மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் வழித்து, "இட்லிப் பானையில வெச்சுப் பாக்கலாம் கண்ணு" என்று அடுப்பில் ஏற்றினார். இருபது நிமிஷம் கழித்து இரண்டு பேரும் அதை ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டோம். வெந்திருந்தது, நன்றாகவும் இருந்தது.

இந்த மாடலில் எனக்கு ரொம்பப் பிடித்தது டைமர். ஸ்பிரிங்கில் ஓடும் பழைய வகை. நாப்பைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று ஹால் வரைக்கும் கேட்கும், முடிந்ததும் டிங் என்று ஒரு மணி. பத்து நிமிஷத்துக்குக் குறைவாக வைக்க வேண்டுமென்றால், இருபது வரை திருப்பிவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் சரியாக ஏறாது. இந்தச் சத்தம் தொந்தரவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது தேவைப்பட்டது. ஆறே முக்காலுக்கு மாவு பிசைய ஆரம்பிப்பேன். கையெல்லாம் வெண்ணெயும் மாவும், போன் உள் ரூமில் கிடக்கும். ஏழு மணிக்கு டிரே உள்ளே போகும். பிறகு நாற்பது நிமிஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பேன். டிங் என்ற மணி கேட்கும்போது ஏழு மணி தாண்டியிருக்கும்.

அடுத்தது சூடு. நாப்பில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்பித்தான் மூன்று மாதம் மாவை வீணடித்தேன். பிறகு ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தால், கால் மணி நேரம் கழித்தும் 160-தான் காட்டியது. என்னுடையதில் 200 வைத்தால்தான் 180 கிடைக்கும். வேறு வீட்டில் வேறு கணக்காக இருக்கும். இந்த ஒரு தெர்மாமீட்டர் இல்லாமல் ஓடிஜி வாங்கவே வாங்காதீர்கள். கேக் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவில் குற்றமில்லை, உங்கள் கையிலும் குற்றமில்லை. நாப்தான் தப்பாகச் சொல்கிறது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ சாயங்காலம் என்னை நானே திட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

வோல்டேஜ் இன்னொரு விஷயம். சித்திரை, வைகாசியில் தெருவெல்லாம் ஏசி ஓடும்போது சாயங்காலம் எங்கள் வீட்டில் 190 வரைக்கும் இறங்கும். அப்போது 1500 வாட் ஓடிஜி கிட்டத்தட்ட 1000 வாட் வேலைதான் செய்யும். கேக் உப்பி வருவதற்குள் ஓரம் காய்ந்துவிடும். அதனால் வெயில் காலத்தில் மட்டும் விடிகாலையில் செய்கிறேன். கரண்ட் செலவு பயந்த அளவுக்கு இல்லை. சூடு ஏறியதும் ராடு நின்று நின்றுதான் எரியும். டிரே வைப்பதற்கு முன்னால் சூடேற்றும் ப்ரீஹீட் பத்து நிமிஷத்தோடு சேர்த்து ஒரு கேக்குக்குச் சுமார் ஒரு யூனிட்.

இனி இந்த ஊர்ச் சரக்கை வைத்து இதில் என்னென்ன செய்தேன் என்று.

ராகிதான் முதலில். எங்கள் ஆயா (பாட்டி) கேவுரு என்றுதான் சொல்லும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் கார்த்திகை, மார்கழியில் அறுவடை முடிந்து புது ராகி சந்தைக்கு வரும். தனி ராகி மாவில் பிஸ்கட் போட்டால் எடுக்கும்போதே உதிரும், ஏனென்றால் ராகியில் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் இல்லை. இரண்டு பங்கு ராகிக்கு ஒரு பங்கு கோதுமை மாவு என்று எனக்குச் சரியாக வந்தது. ராகி மாவை வாசனை வரும்வரை சின்னத் தீயில் வறுத்து, ஆறவிட்டு, வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, பால் தெளித்துப் பிசைய வேண்டும். 170 சூட்டில் கால் மணி நேரம் போதும். மாவே பழுப்பு நிறம் என்பதால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். களி கிண்டும்போது வருமே ஒரு வாசம், அது மாறி வறுத்த கடலை வாசம் வந்ததும் எடுத்துவிடுங்கள். அப்போது தொட்டால் மெத்தென்று இருக்கும். இன்னும் வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் தானாக மொறுமொறுப்பாகும்.

அப்புறம் மாம்பழம். சந்தூர் பக்கம் ஆயா வீட்டில் மரங்கள் உண்டு. முதலில் செந்தூரா வரும், கடைசியாகப் பெங்களூரா, கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஃபாக்டரிகளுக்கு லாரி லாரியாகப் போவது பெரும்பாலும் அந்தப் பெங்களூராதான். கேக்குக்கும் அதுவேதான் சிறந்தது என்பது என் தீர்மானம். மல்கோவாவைக் கேக்கில் போடுவது அந்தப் பழத்துக்குச் செய்யும் அநியாயம், அதைச் சும்மா அறுத்துச் சாப்பிட வேண்டும். பெங்களூராவில் நார் குறைவு, கொஞ்சம் புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பு சோடா உப்போடு சேர்ந்து கேக்கை நன்றாக எழும்ப வைக்கும். கூழை அப்படியே ஊற்றினால் தண்ணீர் அதிகமாகி நடுவில் அமுங்கிவிடும். அடுப்பில் வைத்துக் கிளறி, கரண்டியால் கோடு போட்டால் அந்தக் கோடு நிற்கும் பதம் வரை சுண்டவிட வேண்டும். முதல் இருபத்தைந்து நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது.

முதல் வருஷம் மாம்பழ சீசனில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வருஷா வருஷம் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்கு இரண்டு தடவை நாங்கள் சேர்ந்து போயிருக்கிறோம். ஊரெல்லாம் மாம்பழ வாசனை அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வருஷம் ஆயா ஒரு கூடை பெங்களூரா கொடுத்தனுப்பியது. அழுக விட மனசு வரவில்லை. அந்த வாரம் நான்கு கேக்.

மார்கழியில் எதிர்வீட்டு அக்காதான் எனக்குக் குரு. அவருக்குப் பிறந்த ஊர் எலத்தகிரி. கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்கு வீடு கேக் கொடுத்தே பழகியவர். கறுப்புத் திராட்சைச் சாறில் உலர்பழங்களை ஊறப்போடுவது, சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுப்பது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். சூட்டை 150-லேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக வேகவிட வேண்டும். அந்தக் குளிரில் வெண்ணெய் கல் மாதிரி இருக்கும், பன் மாவு பொங்கி வரவும் இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஓடிஜியை ஆன் செய்யாமல் உள்ளே ஒரு டம்ளர் வெந்நீரும் மாவுக் கிண்ணமும் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். முதல் டிசம்பரில் அவர் வீட்டில் காகித நட்சத்திரம் கட்டும்போது எங்கள் வாசலுக்கும் ஒன்று கட்டிவிட்டார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு இரண்டு விளக்கு வைத்ததோடு சரி. அந்த நட்சத்திரம்தான் வாசலுக்கு வந்த முதல் அலங்காரம்.

பழுதுகளைச் சொல்கிறேன். இரண்டாவது வருஷம் கைப்பிடி ஸ்க்ரூ கழன்றது, நாமே முடுக்கிக்கொள்ளலாம். மூன்றாவது வருஷம் அடி ராடு போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் வரவில்லை, வரவில்லை என்றே ஐந்து வாரம் இழுத்தார்கள். கடைசியில் ரவுண்டானா பக்கம் மிக்ஸி, ஹீட்டர் பழுது பார்க்கும் கடையில் அதே அளவு ராடு போட்டு ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள். வாங்கும்போதே அடி ராடு, மேல் ராடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். சுத்தம் செய்ய, தூள் கொட்டும் தட்டை ஒவ்வொரு முறையும் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. உள்சுவரில் ஒட்டியதற்குச் சோடா உப்பைக் குழைத்து இரவு பூசி, காலையில் ஈரத்துணியால் துடைக்கிறேன். ராடில் மட்டும் படக்கூடாது.

டைமரும் தளர்ந்துவிட்டது. நாற்பது வைத்தால் முப்பத்து நான்கிலேயே மணி அடிக்கிறது. ராடு மாற்றும்போது அதையும் மாற்றலாமா என்று கடைக்காரர் கேட்டார். அப்போதுதான் யோசித்தேன், நான் எப்போதோ போனில் அலாரம் வைத்துப் பழகியிருந்தேன். ஏழு மணிக்குப் போன் சமையலறை மேடையிலேயே, மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டைமர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிச்சயத்துக்கு வாங்கிய வரிசைத் தட்டுகள் பதினொன்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பரணில் கிடந்தன. போன போகி அன்று வீடு ஒழித்தபோது அம்மா ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்து என் முகத்தைப் பார்த்தார். சாயங்காலம் வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்துக் காப்புக் கட்டி எரவாணத்தில் சொருகினேன். அண்ணன் பொண்ணு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இந்தப் பக்கம் கோணலா இருக்கு" என்று மேற்பார்வை பார்த்தாள். உள்ளே நான்காவது டிரே ராகி பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தது. ஆறவைக்கத் தட்டு போதவில்லை. வரிசைத் தட்டு இரண்டின் உறையைக் கிழித்து, கழுவித் துடைத்து, பட்டர் பேப்பர் விரித்துப் பரப்பினேன். ஓரத்தில் தாமரை இதழ் மாதிரி வளைவு வைத்த தட்டுகள், பிஸ்கட்டுக்கு அழகாகவே இருந்தன. அதில் ஒன்றை அண்ணன் பொண்ணு எதிர்வீட்டு அக்காவுக்குக் கொண்டுபோனாள். காலித் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று அக்கா அதில் இரண்டு கரும்புத் துண்டு வைத்து அனுப்பினார்.

இதையே திரும்ப வாங்குவேனா என்றால், வாங்குவேன். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 28 லிட்டர் தாராளம். ஏழு அங்குல டின் இரண்டு பக்கமும் இடம்விட்டு உட்காரும், முழுத் தட்டு பிஸ்கட் ஒரே தடவையில் வேகும். உள்ளே விசிறி வைத்த மாடல் கொஞ்சம் விலை கூட, ஆனால் டிரேயைப் பாதியில் திருப்பி வைக்கும் வேலை மிச்சமாகும். முடிந்தால் அதையே பாருங்கள். என்னுடையதில் விசிறி இல்லை, திருப்பித்தான் வைக்கிறேன். அடி ராடு ஒன்று கூடுதலாக வாங்கி, ஓடிஜி வந்த அதே அட்டைப்பெட்டியில் பரணில் வைத்திருக்கிறேன். வரிசைத் தட்டுகள் இருந்த இடம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.