ஒரே ராத்திரியில் காணாமல் போன சிப்: பழைய கம்ப்யூட்டர் வாங்குவோர் கவனத்துக்கு

ஊட்டி, குன்னூர் பக்கம் யாராவது "பழைய ஸ்கூல் லேப் சாமான் சார், பங்களா சாமான் சார்" என்று எண்பதுகளின் ஹோம் கம்ப்யூட்டரைக் காட்டினால், மூடியைக் கழற்றி உள்ளே காட்டும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அன்றைக்கே கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. 22,000 ரூபாய் கொடுத்துவிட்டு இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குன்னூரில் இருக்கிறேன். ரப்பர் பட்டன் வைத்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் ஒன்று, சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டிகள் இரண்டு, முப்பது நாற்பது கேம் கேசட்டுகள். இவ்வளவுதான் என் சேகரிப்பு. எல்லாம் ஒரு மர பீரோவில் இருக்கின்றன. பீரோவுக்குள் ராப்பகலாக ஒரு குண்டு பல்பு எரியும். மலையில் இருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பல்பை அணைத்தால் ஒரே மாதத்தில் கேசட்டின் லேபிளில் பூஞ்சை பிடித்துவிடும்.

இதற்கு முன்னாலும் சின்னச் சின்னதாக ஏமாந்திருக்கிறேன். ஒரிஜினல் நின்டெண்டோ என்று சொல்லித் தலையில் கட்டப்பட்ட நகல் பெட்டி. மெனுவில் ஆயிரக்கணக்கில் எண் ஓடும், உள்ளே பத்து கேம்கூடத் தேறாத கேசட். 60 பின் வைத்த கேசட்டை 72 பின் எடுக்கும் பெட்டிக்கு வாங்கிவந்து முழித்தது. எல்லாம் நூறு இருநூறோடு போனவை. சிரித்துக்கொண்டே மறந்துவிடலாம்.

இது அப்படியில்லை. பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 கடைசியில் வெளியிட்ட மெஷின். மாடல் பி என்றால் 32 கே நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர். நம் ஊருக்கும் இதற்கும் உறவு உண்டு. 1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லித்தர 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இதைத்தான். அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் இதையே யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே தயாரித்தது. அதனால் போர்டிங் ஸ்கூல்கள் நிறைந்த இந்த மலையில் ஒன்று கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் சந்தேகமே வரவில்லை. 'ஸ்கூல் லேபிலிருந்து வந்தது' என்ற பேச்சை நம்ப வைக்க விற்பவர் மெனக்கெட வேண்டியதே இல்லை. வரலாறே அவருக்காகப் பேசிவிடுகிறது.

விற்பவர் ஊட்டிக்காரர். பங்களாக்கள் கைமாறும்போது நாற்காலி, கண்ணாடி பீரோ, பழைய ரேடியோ என்று மொத்தமாக எடுத்து விற்பவர். பெயர் போடவில்லை. போனால் தெரிந்துகொள்வீர்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு பைக்கில் போனேன். கிளம்பும்போது தூறல், கேத்தி தாண்டும்போது நல்ல மழை. குடோனில் தேங்காய் நார் மெத்தைகளுக்கு நடுவே ஒரு மேஜையில் மெஷினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். மஞ்சளேறிய உடம்பு, மேலே வரிசையாகச் சிவப்பு பங்ஷன் பட்டன்கள், ஸ்பேஸ் பாரின் இடது ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு விரிசல். பக்கத்தில் ஃபிளாப்பி டிரைவ், ஒரு டப்பா நிறைய ஐந்தேகால் இஞ்ச் ஃபிளாப்பி. டப்பாவைத் திறந்ததுமே ஈரக்கோணி வாடை. ஃபிளாப்பியின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. (அதை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட் கெட்டுப்போகும். யாரும் போட்டுப் பார்க்காதீர்கள்.)

சுவிட்ச் போட்டார். கனமாக ஒரு 'பூ', உடனே மெல்லிசாக ஒரு 'பீப்'. அந்தச் சத்தத்தை யூடியூபில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். நேரில் கேட்டபோது மனசு குழந்தையாகிவிட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: பிபிசி கம்ப்யூட்டர் 32கே. அதன் கீழே ஏகார்ன் டிஎஃப்எஸ். அதன் கீழே பேசிக், அதாவது புரோகிராம் எழுதும் மொழி. ஆசையில் ஒரு போட்டோ எடுத்தேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான ஒரே காரியம் அதுதான்.

"மூடியைக் கழட்டிப் பார்க்கலாமாண்ணா?"

"கழட்டலாம் சார். ஆனா பாருங்க, சீல் ஒட்டியிருக்கு. சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும்."

நாற்பது வருஷ மெஷினுக்கு என்ன வாரண்டி, யார் கொடுத்த வாரண்டி என்று நான் கேட்டிருக்க வேண்டும். பின்பக்க ஸ்க்ரூவின் மேல் புத்தம் புதிதாக ஒரு வெள்ளி ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தது. கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் அவரே அணைத்தார். "ரொம்ப நேரம் போட வேண்டாம் சார், சூடாகிடும்." அதற்கும் தலையாட்டினேன்.

அப்புறம் மழை. "இந்த மழையில பைக்ல கொண்டுபோனா தண்ணி இறங்கிடும் சார். நாளைக்குக் காலைல காய்கறி வண்டி மேட்டுப்பாளையம் போகுது. நல்லா பேக் பண்ணி அதுல போட்டு விடறேன், குன்னூர்ல இறக்கிக்குங்க." எனக்கே தோன்றாத அக்கறை. ஏற்கெனவே 2,000 முன்பணம் கொடுத்திருந்தேன். மீதி 20,000 ரூபாயை ஜிபேயில் அங்கேயே அனுப்பினேன். குறிப்பில் 'பழைய சாமான்' என்று எழுதினேன். பில் கேட்கவில்லை.

மறுநாள் வண்டிக்காரர் இறக்கிக் கொடுத்தார். கேரட் மூட்டைச் சாக்கில் சுற்றி, உள்ளே தினத்தாள் திணித்து, நிஜமாகவே நல்ல பேக்கிங். சாக்கை உதறினால் செம்மண். மெஷினில் ஒரு கீறல் இல்லை. ஸ்பேஸ் பார் விரிசல் அதே இடத்தில் இருந்தது. மாற்று மெஷினோ என்ற பயமும் போய்விட்டது.

சுவிட்ச் போட்டேன். 'பூ', 'பீப்'. திரையில் எழுத்து. சந்தோஷத்தில் இரண்டு வரி பேசிக் எழுதி என் பெயரைத் திரை நிறைய ஓடவிட்டேன். ஆனால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. திரை கொஞ்சம் காலியாக இருப்பது மாதிரி. போனை எடுத்து முந்தின நாள் போட்டோவைப் பார்த்தேன். அதில் மூன்று வரி. என் எதிரில் இரண்டு. 'ஏகார்ன் டிஎஃப்எஸ்' வரி இல்லை.

டிஎஃப்எஸ் என்பது டிஸ்க் ஓட்டுவதற்கான மென்பொருள். அணைத்தாலும் அழியாத ரோம் என்ற தனி சிப்பில் இருக்கும். அந்த வரி இல்லையென்றால் அந்த ரோம் மெஷினில் இல்லை, அல்லது சரியாக உட்காரவில்லை. லாரி குலுக்கலில் நகர்ந்திருக்கும் என்றே முதலில் நினைத்தேன். சரி, திறந்து அழுத்திவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பி வருவதற்குள் டப் என்று ஒரு வெடி. இடது பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. அறை முழுக்கக் கருகின மீன் மாதிரி ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்தால், வெளியே இருந்த மஞ்சு உள்ளே வந்து புகையோடு கலந்துகொண்டது.

இந்த வெடிக்கு விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்திருந்தும் செய்யாதது நான். இந்த மெஷினின் பவர் சப்ளையில் ரீஃபா என்ற பிராண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும். மெயின் கரண்டின் குறுக்கே வைப்பவை. தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி மேலுறை, உள்ளே உலோகம் பூசிய காகிதம். வருஷங்கள் போகப் போக உறையில் முடி முடியாக விரிசல் விழும், அந்த வழியாகக் காற்றின் ஈரம் காகிதத்தில் இறங்கும். பிறகு ஒருநாள் கரண்ட் கொடுத்தால் இப்படித்தான். வறண்ட ஊரிலேயே வெடிக்கிறது என்றால், ஆண்டில் பாதி நாள் சுவரே வியர்க்கும் நம் மலையில் கேட்கவா வேண்டும்? உடனே வெடிக்காமல் சில நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு வெடிப்பதும் உண்டு. 'சூடாகிடும் சார்' என்று இரண்டே நிமிஷத்தில் அணைத்தாரே, இதற்கு முன் இப்படி எத்தனை மெஷின் விற்றிருக்கிறாரோ! வாங்கினால் முதலில் அவற்றை மாற்றுங்கள், பிறகு சுவிட்ச் போடுங்கள். விலை ரூபாயில் இரண்டு இலக்கம் தாண்டாது. உள்ளே மெயின் கரண்ட் என்பதால் தெரிந்தவர் கையால் மாற்றுங்கள்.

எனக்குத் தெரிந்தவர், டிவி ரிப்பேர் செய்து ஓய்ந்த ஒரு அண்ணன். சாயங்காலம் வந்தார். பிபிசி மைக்ரோவின் மூடிக்கு நாலே ஸ்க்ரூ. பின்னால் இரண்டு, அடியில் இரண்டு, பக்கத்திலேயே 'ஃபிக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் என் போட்டோவைக் கேட்டார். போட்டோவில் ஒரு ஓரமாக அது தெரிந்தது. நேராக ஒட்டியிருந்தது. இப்போது கோணலாக இருந்தது.

மூடியைத் தூக்கினோம். போர்டு முழுக்கச் சீராக ஒரு தூசிப் படலம். இரண்டே இடத்தில் மட்டும் தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஒன்று டிஎஃப்எஸ் ரோம் இருந்த சாக்கெட். இன்னொன்று நாற்பது கால் வைத்த நீள சாக்கெட். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தவர், இடுக்கியால் எதையோ கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரிசிக் குருணை அளவு ஒரு தகரத் துண்டு.

"சிப்போட கால் தம்பி. ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பியிருக்கான். ஒண்ணு ஒடிஞ்சு உள்ளயே நின்னுபோச்சு."

அந்த நீள சாக்கெட்டில் இருந்தது இன்டெல் 8271. ஃபிளாப்பி டிரைவைக் கட்டுப்படுத்தும் சிப். சேகரிப்பவர்களிடம் இதற்கு ஏக கிராக்கி, கிடைப்பதே அரிது. ஏகார்னே பிற்பாடு வந்த மெஷின்களில் இதை விட்டுவிட்டு 1770 என்ற வேறு சிப்புக்கு மாறிவிட்டது. அது தெரிந்த ஆள்தான் ராத்திரி உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறார். எனக்கு அந்த டிஸ்க் வசதிதான் வேண்டியிருந்தது. 1984இல் முதன்முதலில் இந்த மெஷினுக்குத்தான் எலைட் என்ற விண்வெளி கேம் வந்தது. கேசட்டில் வந்தது கொஞ்சம் வெட்டிக் குறைத்தது, டிஸ்க்கில் வந்ததுதான் முழுசு. அதை அசல் மெஷினில் ஆட வேண்டும் என்பது பல வருஷ ஆசை.

போன் போட்டேன்.

"வண்டில குலுங்கிக் கழண்டிருக்கும் சார். சாக்குல தேடிப் பாருங்க."

நாற்பது கால் சிப் தானாகக் கழன்று, மூடி ஸ்க்ரூ நான்கையும் தானே திருகித் திறந்து, வெளியே குதித்து, மறுபடி ஸ்க்ரூவை முடுக்கி, ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. இதைச் சொன்னேன். லைனைத் துண்டித்தார். அடுத்த நாள் நேரில் போனேன். கத்தவில்லை, கால் துண்டையும் போட்டோவையும் மேஜையில் வைத்தேன். "நான் அதெல்லாம் தொடவே இல்ல சார், எடுத்தது எடுத்தபடி குடுத்தேன்" என்றார். ஒரு மணி நேரம் நின்றதும் மூவாயிரம் ரூபாயை எண்ணி வைத்தார். தொடவே இல்லாத ஆள் எதற்கு மூவாயிரம் தருகிறார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் கையில் பில் இல்லை. இருப்பது 'பழைய சாமான்' என்ற குறிப்போடு ஒரு பணப் பரிமாற்றம். பழைய சாமான் வந்து சேர்ந்துவிட்டதே! நீங்களாவது மாடல் பெயர், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், 'டிஸ்க் சிப்புடன்' என்பதுவரை குறிப்பில் எழுதி அனுப்புங்கள். மூடி திறந்த போர்டை நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து, விற்பவருக்கே அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மழை பெய்தால் டீ குடித்துக்கொண்டே காத்திருங்கள், இல்லை ஆட்டோ பிடியுங்கள்.

மெஷின் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணன் அந்தக் கெப்பாசிட்டர்களை மாற்றிக்கொடுத்தார், கூலி வாங்கவில்லை. டிஸ்க் இல்லாவிட்டால் என்ன, கேசட் வழி இருக்கிறது. டேப் ரிக்கார்டருக்குப் பதிலாகப் போனின் ஹெட்போன் வயரை மாட்டி, கேமின் சத்தக் கோப்பை ஓடவிட்டால் மெஷின் அதைக் கேட்டு ஏற்றிக்கொள்கிறது. ஒரு தமாஷ் என்னவென்றால், போனுக்குள் இருக்கும் ஏஆர்எம் பிராசசர் இதே ஏகார்னில் பிறந்தது. ஏகார்ன் பொறியாளர் சோஃபி வில்சன் அதை முதலில் ஒத்திகை பார்த்தது பிபிசி பேசிக்கில்தான். 20,000 ரூபாயை அனுப்பியதும் அதே பரம்பரைதான்.

போன வாரம் ஒரு விற்பனைப் பக்கத்தில் ஊட்டி என்று இடம் போட்டு ஒரு விளம்பரம் பார்த்தேன். '8271 டிஸ்க் சிப், டெஸ்ட் செய்தது, ஃபுல் கண்டிஷன்.' படத்தில் சிப்பை ஒரு கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்திருந்தார்கள். மேல்பக்கம் மட்டும் தெரிந்தது. கால்கள் தெரியவில்லை. வாங்க நினைப்பவர்கள் ஸ்பாஞ்சிலிருந்து எடுக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் இருபது, மறுபக்கம் இருபது இருக்க வேண்டும். குறைந்தால் சொல்லுங்கள். மீதி ஒன்று என் வீட்டுத் தீப்பெட்டியில் இருக்கிறது.